ஆயிரத்தில் மூன்று

கவிநயாவின் வயிற்றில் இருந்த மாத்திரை நலமாக இருந்தது. குளியலறைச் சுவரில் இருந்த மாத்திரைக்காட்டி அதைப் பச்சை விளக்கெரித்துச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆறு கைகளும் விரிந்திருக்கின்றன, இன்றைய மருந்து இறங்கிவிட்டது, கவலைப்பட ஒன்றுமில்லை. அதே சுவரில் ஒரு சாண் தள்ளி இருந்த கருக்காட்டியில் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. கவிநயா கர்ப்பமாகவும் இருந்தாள்.

இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டில் ஒன்று பொய் சொல்ல வேண்டும். கருக்காட்டியைக் கழுவித் துடைத்து மறுபடி சோதித்தாள். அது சொன்னதையே சொன்னது.

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் சிரித்திருப்பார்கள், இல்லாவிட்டால் அழுதிருப்பார்கள். கவிநயாவுக்கு முதலில் வந்தது தொழில் புத்தி. இப்படி ஒன்று எங்காவது நடந்திருக்கிறதா என்று தேடுவதற்காகத்தான் ஏழு வருடமாக அவளுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் வயிற்றில் இருந்த 'திடம்' வருவதற்கு முன்பு இருந்த கருத்தடை மாத்திரை ஒன்றும் மோசமான மாத்திரை இல்லை. தினமும் ஒழுங்காக, ஒரு நாள்கூட விடாமல் போட்டால், ஒரு வருடத்தில் ஆயிரம் பேரில் மூன்று பேருக்குத்தான் அது தவறும். ஆனால் போடுவது மனிதர்கள் ஆயிற்றே. கல்யாணத்துக்கு ஊருக்குப் போகும்போது அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். வாந்தி எடுத்துவிட்டு, மருந்தும் அதோடு போயிருக்குமே என்று யோசிக்க மாட்டார்கள். காசநோய்க்கு மருந்து சாப்பிடும்போது ஒன்று இன்னொன்றைக் கெடுக்குமா என்று டாக்டரைக் கேட்க மாட்டார்கள். மனிதர்கள் போடுகிற லட்சணத்தில் போட்டபோது அதே மாத்திரை நூற்றில் ஏழு பேருக்குத் தவறியது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் உலகத்தில் ஏகப்பட்ட தம்பிகளும் தங்கைகளும் பிறந்தார்கள்.

திடம் அந்த நடுவை எடுத்துவிட்டது. மாதம் ஒருமுறை விழுங்கினால் போதும். வயிற்றுக்குள் போய்க் குடை மாதிரி விரிந்து உட்கார்ந்துகொண்டு தினமும் தானே மருந்து விடும். வயிறு கெட்டுப்போனால் தெரிந்துகொண்டு கூடுதலாக விடும். அடுத்த மாத்திரையை விழுங்க மறந்தால் சுவர் கூப்பிடும், கைபேசி கூப்பிடும், அப்படியும் அசையாவிட்டால் சமையலறையில் மிக்சி ஓட மறுக்கும். குழந்தை வேண்டுமென்று தோன்றினால் பெண் சுவருக்கு நேரே நின்று "வேணும்" என்று ஒரு சொல் சொன்னால் மாத்திரை கரைந்துவிடும். பெண் மட்டும் சொன்னால் போதும். சொன்னாளா, எப்போது சொன்னாள் என்பதைக் கணவனோ மாமியாரோ கோர்ட்டோ தோண்டி எடுக்க முடியாதபடி சுவர் அந்தச் சொல்லை அப்போதே மறந்துவிடும். சட்டம் அப்படி.

நூற்றுக்கு நூறு என்று விளம்பரம் செய்தார்கள். உலகமும் அதற்குத் தகுந்தபடி மாறிக்கொண்டது. எல்லாக் குழந்தையும் கேட்டு வாங்கிய குழந்தை ஆயிற்று. இன்னும் நான்கு வருடம் கழித்து எல்.கே.ஜி.யில் எத்தனை நாற்காலி வேண்டும் என்று பள்ளிக்கூடங்களுக்கு ஏறக்குறையத் தெரிந்திருந்தது. கல்யாணமான பெண்ணைப் பார்த்து "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்த சொந்தக்காரர்கள் "எப்ப முடிவு விருந்து?" என்று கேட்கத் தொடங்கினார்கள். குழந்தை பெற்றுக்கொள்வதென்று முடிவு செய்த ஜோடி, சொந்தபந்தத்தைக் கூப்பிட்டு, எழுந்து நின்று, "முடிவு பண்ணிட்டோம்" என்று சொல்லி, ஒப்புட்டு என்கிற பருப்புப் போளியும் சாப்பாடும் போடுவதற்கு முடிவு விருந்து என்று பெயர். பெருந்துறை வட்டாரத்தில் வளைகாப்பைவிட இது பெரிதாகிவிட்டது.

அரசாங்கம் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தது. நூற்றுக்கு நூறு என்று போட்டுக்கொள்கிற கம்பெனி, அதைப் பொய்யாக்கப் பார்க்கிற ஆள் ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அந்த ஆளுக்குப் பிழைதேடி என்று பெயர். பெருந்துறைத் தொழிற்பேட்டையில் இருந்த திடம் கம்பெனியில் கவிநயாதான் பிழைதேடி. கேன்டீனில் டீ வாங்கப் போனால் "என்னக்கா, கெடச்சுதா?" என்று கேலி செய்வார்கள். கிடைக்கவில்லை. பிரசவ ஆஸ்பத்திரிக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் 'கேட்பான்' என்ற பொறி ஒரு கேள்வி கேட்கும்: இந்தக் குழந்தை வேண்டிய குழந்தைதானா? இல்லை என்று யாராவது சொன்னால் கவிநயாவின் மேசைக்கு வரும். ஏழு வருடத்தில் ஒருவர்கூட இல்லை என்று சொன்னதில்லை.

இப்போது அவளுக்கே வந்திருந்தது.

"மாமா, இங்க கொஞ்சம் வாங்க."

அவள் கணவன் தர்ஷன் தோசைக்கரண்டியோடு வந்தான். மஞ்சள் உலர்த்தும் ஆலையில் பொறி ஓட்டுகிறவன். எவ்வளவு தேய்த்தாலும் விரல் நுனி மஞ்சளாகவே இருக்கும். அந்த விரலால் முதலில் பச்சை விளக்கைத் தொட்டுப் பார்த்தான், பிறகு சிவப்புக் கோட்டை.

"பச்சை எரியுது?"

"எரியுது."

"அப்பறம் இது?"

"இதுவும் நெசந்தான்."

வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். அவன் முகத்தில் சிரிப்பு ஒரு பக்கமாகத் தொடங்கி, பாதியில் நின்றது. "நானு சந்தோசப்படலாமா, கூடாதா? உன்ற வேலைக்கு ஏதும் ஆயிராதில்ல?"

"சந்தோசப்படுங்க. நானும் அதத்தான் பண்ணீட்டிருக்கறேன்."

உண்மையிலேயே அவளுக்கு உள்ளுக்குள் நிறைந்து வழிந்தது. ஐந்து வருடமாக அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள். வீட்டுக் கடன் முடியட்டும் என்றார்கள், முடிந்தது. மழைக்காலம் போகட்டும் என்றார்கள், போனது. சுவருக்கு முன்னால் பல தடவை நின்றும் அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை. இத்தனை திடமான மாத்திரை இருக்கும்போது முடிவும் அத்தனை திடமாக இருக்க வேண்டும் போலிருந்தது, அந்த அளவுக்கு எதிலும் திடமாக இருந்து அவளுக்குப் பழக்கமில்லை.

தோசை கருகும் வாசனை வந்தது. அதைத் தொடர்ந்து தர்ஷனின் அம்மா சுகன்யா வந்தாள். விருந்துச் சமையல் ஒப்பந்தம் எடுக்கிறவள். வட்டாரத்தில் பாதி முடிவு விருந்துக்கு அவள்தான் ஒப்புட்டு தட்டுகிறாள். மகனையும் மருமகளையும் சுவரையும் பார்த்தாள். யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மருமகளின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கையை எடுத்த உடனே கணக்குப் போட ஆரம்பித்தாள்.

"ஞாயித்துக்கெழமை நமக்கு ஆர்டர் இல்ல. விருந்தப் போட்டறலாம். போன மாசமே முடிவு பண்ணீட்டோம், ஊட்டோட பேசி வெச்சிருந்தோம்னு சொல்லிக்கலாம்."

"அத்தை, நாங்க முடிவே பண்ணலீங்க."

"அது எனக்குத் தெரியாதா கண்ணு? ஒரு சோபா வாங்கறதுக்கு ரெண்டு வருசம் யோசிச்சவங்க நீங்க."

"மாத்திரை தவறியிருக்குதுங்கத்தை. அது உங்களுக்கு ஆச்சரியமாவே இல்லீங்களா?"

"இதென்ன புதுசா? அவசர ஆர்டர் இல்லாம எந்தத் தொழில் ஓடுது?"

கவிநயா மெதுவாகக் கேட்டாள். "அவசர ஆர்டர்னா?"

சுகன்யாவுக்கு வாய் தவறிவிட்டது தெரிந்தது. ஆனால் சொல்ல வந்ததைப் பாதியில் நிறுத்துகிற பழக்கம் அவளிடம் இல்லை. "புதன்கெழமை போன் பண்ணி வெள்ளிக்கெழமை விருந்துங்கறாங்க. போனா, புள்ள ஒப்புட்டத் தொட மாட்டீங்குது. தாளிக்கற வாசம் வந்தா எந்திரிச்சு ஓடுது. நமக்கெதுக்கு அந்த ஞாயம்? நல்லாருக்கோணும்னு வாழ்த்தீட்டு வந்தர்றது."

கவிநயாவே அப்படிப்பட்ட விருந்துகளில் மாமியாருக்கு ஒத்தாசையாகப் பரிமாறியிருக்கிறாள். மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடிய பெண்களுக்குத் தண்ணீர்கூடக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். முடிவு செய்த களைப்பு என்று நினைத்திருந்தாள். ஏழு வருடச் சம்பளத்தை நினைத்து அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

மறுநாள் மதியம் கேன்டீனில் பிரதீபாவைத் தேடிப் போனாள்.

பிரதீபா பொட்டலப் பிரிவில் இருந்தாள். இரண்டு வயதில் மகன். கணவன் நிதின் போலந்தில் வெல்டிங் வேலை பார்க்கிறான். வாரம் இரண்டு முறை காணொளியில் வந்து மகனிடம் பேசுவான். பிரதீபாவிடம் பேச மாட்டான். ஏன் என்று கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து போலந்து போவது, மூன்று வருடம் சம்பாதிப்பது, பிறகுதான் குழந்தை என்று பேசி வைத்திருந்தார்கள். அதற்குள் அவள் உண்டாகிவிட்டாள். மாத்திரையோ நூற்றுக்கு நூறு. அப்படியானால் அவள்தான் அவனுக்குத் தெரியாமல் சுவரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும் என்று நிதின் முடிவு கட்டிவிட்டான். அவன் மட்டும் விமானம் ஏறினான்.

கவிநயா தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "தீபா, உன்னைய ஒண்ணு கேக்கோணும். நீ செவுத்துகிட்டச் சொன்னியா?"

பிரதீபா சாப்பிடுவதை நிறுத்தவில்லை. "ரெண்டு வருசங்கழிச்சுக் கேக்கறீங்க. சொல்லலீங்கக்கா."

"அப்பறம் கேட்பான் கேட்டப்ப, வேண்டிய கொழந்தைதான்னு எதுக்குச் சொன்ன?"

"பின்ன என்னத்தச் சொல்றது? வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு வேண்டாம்னு சொல்றதா? அதுக்குக் காது கேக்காதா?" தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்க மாமியா நிக்கறாங்க, எங்கம்மா நிக்கறாங்க, அவரு நிக்கறாரு. அந்தப் பொட்டி நல்ல நாளும் அதுவுமா அப்படிக் கேக்குது. ஆமான்னுட்டேன். நான் ஆமான்னதுதான் அவருக்குச் சாட்சி ஆயிருச்சு. வேணும்னு உன் வாயாலயே சொன்னியேங்கறாரு."

"அவருகிட்ட எடுத்துச் சொல்லலையா?"

"மாத்திரை தவறாதுன்னு அவரு சொல்லலீங்கக்கா, கம்பெனி சொல்லுது. நான் பொட்டலம் போடற அட்டையிலயே அச்சடிச்சிருக்குது. யாருக்காவது ஒருத்தருக்குத் தவறிருச்சுன்னு வந்தா அவரு நம்புவாரு." நிமிர்ந்து பார்த்தாள். கவிநயா இரண்டு நாளாக மோரைத் தவிர எதையும் தொடவில்லை என்பதை அவளும் கவனித்திருக்க வேண்டும். "ஆனா நீங்களுஞ் சொல்ல மாட்டீங்க. அந்த எடத்துல நின்னா சொல்ல வராதுங்க."

அடுத்த வாரம் அந்த இடத்தில் நின்றபோது கவிநயாவுக்கும் அது புரிந்தது.

மருத்துவர் ஷிவானி வயிற்று மாத்திரையைக் கரைத்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னார். தர்ஷன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான். சுகன்யா ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குக் கட்டிய அதே பட்டுப்புடவையில் வந்திருந்தாள். விருந்து அமர்க்களமாக நடந்து முடிந்திருந்தது. மேசையில் இருந்த கேட்பான் கல்யாண மண்டப வாசலில் நின்று வரவேற்கிற பெரியப்பா குரலில் பேசியது.

"வாழ்த்துகள் அம்மா. இந்தக் குழந்தை வேண்டிய குழந்தைதானா? ஆம், இல்லை என்று சொல்லுங்கள்."

அறையில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஆமாம் என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது. அது பொய்யும் இல்லை. இந்தக் குழந்தை அவளுக்கு வேண்டும். இல்லை என்று சொன்னால் அந்தச் சொல் இந்தக் குழந்தையோடு ஒட்டிக்கொள்ளும். வளர்ந்த பிறகு ஒருநாள் அது தன்னைப் பற்றித் தேடிப் பார்க்கும். மாத்திரைக்குப் பிறகு பிறந்தவர்களில், வேண்டாத குழந்தை என்று அதன் அம்மாவே சொன்ன ஒரே குழந்தை. கவிநயாவுக்குப் பயமாக இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம். நாளைக்குக் கேன்டீனில் பிரதீபாவின் எதிரே உட்கார முடியாது, அவ்வளவுதான்.

"கேள்வியே சரியில்ல," என்றாள்.

"ஆம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்," என்றது கேட்பான், அதே அன்போடு.

"பிழைதேடி பேசறேன். கேள்விய நிறுத்து." அவள் குரல் அதற்குத் தெரியும். நின்றது. "ரெண்டு கேள்விய ஒண்ணாக் கட்டி வெச்சுக் கேக்கற. இந்தக் கொழந்தை எனக்கு வேணும். ரொம்ப வேணும். ஆனா நான் கேக்கல. மாத்திரை தவறிருச்சு." வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். "நீயும் கேட்டுக்கோ. ரெண்டும் உண்மை."

தர்ஷனின் கை அவள் தோளை ஒருமுறை அழுத்தியது. சுகன்யா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு, மருத்துவரைப் பார்த்து, "வேணும்னு ரெண்டு தடவை சொல்லீட்டா, கேட்டீங்கல்லொ?" என்றாள்.

அன்றைக்கே கவிநயா கேள்வியை மாற்றினாள். பிழைதேடிக்கு அந்த அதிகாரம் இருந்தது, யாரும் இதுவரை பயன்படுத்தியதில்லை. வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சே புதிய கேள்வியில் இல்லை. மாத்திரை இருக்கும்போது, நீங்கள் கேட்காமலே கரு தங்கியதா? அவ்வளவுதான். குழந்தை வேண்டாம் என்று மருத்துவரிடம் போய்விட்டு ஓசையில்லாமல் திரும்பியவர்களையும் அதுவரை யாரும் கேட்டதில்லை. அவர்களிடமும் அதே கேள்வியைக் கேட்கச் சொன்னாள். இதற்கு ஆமாம் என்று சொல்வதில் வயிற்றுப் பிள்ளை கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. முன்பு பிள்ளை பெற்றவர்களையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். பிரதீபா ஒரே மூச்சில் ஆமாம் என்றாள்.

ஒன்றரை வருடம் ஆயிற்று. கவிநயாவுக்கு ஆதிரை பிறந்து, தவழவும் ஆரம்பித்திருந்தாள். மேலாளர் நவநீதன் முகம் வெளுத்துப்போய் அவள் அறைக்கு வந்தார்.

"மூணு," என்றார். "ஆயிரத்துக்கு மூணு பேரு. கம்பெனி போச்சும்மா."

கவிநயா சிரித்துவிட்டாள். "சார், அந்த மூணு நம்ம மூணு இல்லைங்க. பழைய மாத்திரையோட மூணு. ஒழுங்காப் போட்டாலும் ஆயிரத்துல மூணு பேருக்குத் தவறும்னு அப்பவே எழுதி வெச்சிருந்தாங்க. மறதிய எடுத்துட்டோம். மருந்து அதே மருந்து."

"நூத்துக்கு நூறுன்னு அச்சடிச்சிட்டமே?"

"நூறு ஆக்குனது மாத்திரை இல்லைங்க சார். நம்ம ஜனங்க."

கம்பெனி நடுங்கிக்கொண்டே அட்டையில் உண்மையை அச்சடித்தது: ஆயிரத்தில் மூன்று பேருக்குத் தவறலாம். ஒன்றும் குடிமுழுகவில்லை. யாரும் மாத்திரையை விடவில்லை. ஆயிரத்தில் மூன்றுக்குப் பயப்படுகிறவர்கள் ரோட்டைக் கடக்கவே முடியாது. அந்த அட்டையைப் படம் எடுத்துப் பிரதீபா போலந்துக்கு அனுப்பினாள். கூட ஒரு சொல்லும் எழுதவில்லை. நிதின் அடுத்த விடுமுறைக்கு வந்து இறங்கினான், மகனுக்கு ரோமம் வைத்த குளிர்கோட்டு ஒன்றோடு. பெருந்துறைச் சித்திரை வெயிலில் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு பையன் தெருவெல்லாம் சுற்றினான், கழற்ற மாட்டேன் என்றான். நிதின் பிரதீபாவிடம் என்ன சொன்னான் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மாதம் கேன்டீனில், பழைய பசி திரும்பி வந்தது போல, இரண்டு பேர் சாப்பாட்டை ஒருத்தியே சாப்பிட்டாள்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். சுகன்யா இருக்கும்போது எப்படி முடியும்?

மாத்திரை தவறிப் பிறந்த பேத்தி என்று யாராவது இளக்காரமாகச் சொல்லிவிடுவார்களோ என்று அவளுக்கு முதலில் ஒரு பயம் இருந்தது. பயந்துகொண்டு சும்மா இருக்கிற சுபாவம் அவளுக்குக் கிடையாது. யாரும் கேட்பதற்கு முன்னால் தானே பேச ஆரம்பித்தாள். விருந்துப் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டு, "எம்பேத்தி ஆரு கூப்புட்டும் வரல. தானா வந்தவ. அத்தனை பெரிய மாத்திரை குறுக்க நின்னுச்சு, ஒதுங்குன்னுட்டு வந்தா" என்பாள். ஆதிரையும் அதற்கு ஏற்றாற்போலவே வளர்ந்தாள். கதவு சாத்தியிருந்தால் தள்ளுவாள், திறக்காவிட்டால் ஜன்னலில் ஏறுவாள். தானா வந்த புள்ள என்றால் அப்படித்தான் இருக்கும் என்று ஊரே ஒத்துக்கொண்டது.

மற்ற அம்மாக்கள் தங்கள் குழந்தைகளைப் பார்த்தார்கள். கூப்பிட்டதால் வந்தவை. நாள் பார்த்து, லீவு பார்த்து, நாற்காலி பார்த்து வரவழைத்தவை. அதில் ஏதோ ஒன்று குறைவது போலிருந்தது.

அடுத்த வருடம் கணக்கு ஆயிரத்தில் மூன்றிலிருந்து ஏறியது. அதற்கடுத்த வருடம் இன்னும் ஏறியது. மருந்தில் கோளாறா என்று கவிநயா ஆய்வகத்தைப் புரட்டிப் போட்டாள். மருந்தில் ஒரு கோளாறும் இல்லை. மனிதர்களுக்குத்தான் ஒரு வசதி கிடைத்திருந்தது. முடிவு செய்து பெற்ற குழந்தை என்றால் எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டும். வேலை நடுவில் ஏன் முடிவு செய்தாய் என்று மேலதிகாரி கேட்பார். வீடு கட்டி முடிப்பதற்குள் என்ன அவசரம் என்று மாமனார் கேட்பார். பூமியில் ஆள் அதிகம், இனிக் குழந்தை வேண்டாம் என்று ஊர்வலம் போனவர்களை ஊர்வலத்துக்கு வந்தவர்களே கேட்பார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில் இருந்தது: "என்னங்க பண்றது, மூணுல ஒண்ணா ஆயிருச்சு." ஒருவராலும் எதிர்க்கேள்வி கேட்க முடியாது. சுவர் எதையும் ஞாபகம் வைத்திருப்பதில்லை.

முடிவு விருந்துகள் நின்றன. சுகன்யா ஒரு வாரம்கூடச் சோர்ந்து உட்காரவில்லை. 'தானா வந்த விருந்து' என்று பலகையை மாற்றி எழுதினாள். ஒப்புட்டு அதே ஒப்புட்டு.

ஆதிரைக்கு நான்கு வயது ஆனபோது நவநீதன் மறுபடி கவிநயாவின் அறைக்கு வந்தார். இந்தத் தடவை முகம் வெளுக்கவில்லை, குழம்பியிருந்தது.

"நூத்துக்கு ஏழும்மா. பழைய காலத்துல அட்டைய மறந்து, வாந்தி எடுத்து, எப்படியெப்படியோ போட்டப்ப வந்த அதே ஏழு. இதுக்கா இத்தனை சுவரு, இத்தனை விளக்கு?" நாற்காலியில் சரிந்தார். "இனிமே தவறுனவங்களத் தேட வேண்டாம். அவங்களுக்குப் பஞ்சமில்ல. முடிவு பண்ணிப் பெத்தவங்க யாராவது ஊர்ல இருக்காங்களான்னு தேடுங்க. ஒருத்தர் கெடச்சாப் போதும்."

"தேடறேன் சார்," என்றாள் கவிநயா. அவளுக்கு ஒருத்தியைத் தெரியும்.

இரண்டு மாதத்துக்கு முன்பு அவள் குளியலறைச் சுவருக்கு நேரே நின்று "வேணும்" என்று சொல்லியிருந்தாள். தர்ஷன் வாளிமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து வருடம் வாயில் வராத சொல், ஆதிரையை வளர்த்த பிறகு லேசாக வந்தது. பச்சை விளக்கு அணைந்ததும் இருவரும் ஏதோ குறும்பு செய்துவிட்ட பிள்ளைகள் போலச் சிரித்தார்கள். இந்த முறை சிவப்புக் கோடு விழுந்தபோது சுவரில் எந்தக் குழப்பமும் இல்லை. ஊரில் எல்லோரும் பொய் சொன்னாலும் தான் ஒருத்தி உண்மையைச் சொல்லிவிடுவது என்று கவிநயா நினைத்திருந்தாள். முன்பு ஒரு தடவை செய்தவள்தானே.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற காலையில் ஆதிரை செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டாள். "பாப்பா தானா வருதா, நீங்க கூப்புட்டீங்களா?"

"எதுக்குக் கண்ணு?"

"சும்மா." ஒரு செருப்பை மாட்டி முடித்தாள். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "கூப்புட்டீங்கன்னா, என்னைய எதுக்குக் கூப்புடல?"

தர்ஷன் வண்டிச் சாவியைத் தேடுகிற மாதிரி உள்ளே போய்விட்டான். கவிநயா குனிந்து மகளின் இரண்டாவது செருப்பை மாட்டிவிட்டாள். உன்னைக் கேட்கவில்லை, ஆனால் நீ வேண்டும் என்று வயிற்றுப் பிள்ளைக்குச் சொன்னது சுலபமாக இருந்தது. நான்கு வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை.

மருத்துவர் ஷிவானியின் அறையில் எதுவும் மாறவில்லை. மேசையில் கேட்பான் இருந்தது. ஆதிரை அம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பேசுகிற பெட்டியைக் கண்கொட்டாமல் பார்த்தாள்.

"வாழ்த்துகள் அம்மா," என்றது அந்தப் பெரியப்பா குரல். பிறகு கவிநயா எழுதிக்கொடுத்த கேள்வியை, ஓர் எழுத்துக்கூட மாற்றாமல், அவளிடமே கேட்டது. "மாத்திரை இருக்கும்போது, நீங்கள் கேட்காமலே கரு தங்கியதா?"

ஆதிரை கழுத்தைத் திருப்பி அம்மாவின் வாயைப் பார்த்தாள்.

"ஆமா," என்றாள் கவிநயா. "தானா வந்துருச்சு."

"உங்கள் மாத்திரை தவறியதற்குக் கம்பெனி வருந்துகிறது," என்றது கேட்பான்.

ஆதிரைக்குப் பரம திருப்தி. அம்மாவின் வயிற்றை இரண்டு தட்டுத் தட்டி, "செரி, நீயும் வா" என்றாள். வெளியே வந்ததும் இளநீர் கேட்டாள், தர்ஷன் மூன்று வாங்கினான்.

அந்த மாதக் கணக்கு கவிநயாவின் மேசைக்கு வந்தபோது தவறியவர்கள் எண்ணிக்கையில் ஒன்று கூடியிருந்தது. அத்தனையிலும் அந்த ஒன்று மட்டும் பொய் என்று அவளால் அடித்துச் சொல்ல முடியும். அடித்துச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, மோர் குடிக்கக் கேன்டீனுக்குப் போனாள்.